புள்ளி வைக்காத பந்து

இப்போது சொல்லிவிடலாம் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது எட்டாவது குழிக்கு அடிக்கிற மேட்டில் வைத்துத்தான். கிளப்பின் கேப்டன் வெங்கடபதி குனிந்து பந்தை வைத்துக்கொண்டிருந்தார். சரி, அடித்து முடிக்கட்டும், அடிக்கப் போகிறவர் காதில் மூச்சுச் சத்தம்கூட விழக்கூடாது என்பது இந்த கோல்ஃப் கிளப்பில் முதல் நாளே காதைத் திருகாத குறையாகச் சொல்லிக்கொடுத்த பாடம், அடித்தவுடன் சொல்லிவிடலாம், சார் ஒரு நிமிஷம், ஏழாவதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங், அவ்வளவுதானே, நாலு வார்த்தை, நாக்கு என்ன தேய்ந்தா போய்விடும். கேப்டன் அடித்தார். பந்து ஏறி, வெயிலில் கொஞ்ச நேரம் காணாமல் போய், தூரத்தில் மஞ்சள் கம்பத்துக்கு அந்தப் பக்கம் குதித்து ஓடியது. "நல்ல ஷாட்டுங் சார்!" என்றது நாச்சிமுத்துவின் வாய். அதற்கு மட்டும் ஜோராகத் திறக்கிறது, கெரகம். அவருடைய கால்சட்டையின் வலது பாக்கெட்டில் கேப்டனுடைய இன்னொரு பந்து, காலை எடுத்து வைக்கிறபோதெல்லாம் தொடையில் இடித்துக்கொண்டு கிடந்தது. திருடினதில்லை. சத்தியமாகத் திருடவில்லை. ஏழாவது குழியில் இரண்டு பேருடைய பந்தும் இடப்பக்கம் வேலிக்காத்தான் புதர் ஓரமாகப் போய்விட்டது. கேப்டனும், அவருடைய பையைச் சுமக்கிற கேடி கிட்டானும் புதருக்குள் குனிந்து தேட, தன் பையைத் தானே சின்ன வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த நாச்சிமுத்து பத்தடி முன்னால் போனார். புல்லில் ஒரு பந்து பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அதே கம்பெனி, அதே மூணாம் நம்பர். தன்னுடையதுதான் என்று ஒரே போடு. அடடா, என்ன அடி அது! சேர்ந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளாவது அப்படி அடித்திருப்பாரா? கையில் அடித்ததே தெரியவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி இருந்தது, பந்து போய், குழியில் நட்டிருந்த கொடிக்கு ஆறடியில் நின்றது. புதருக்குள்ளிருந்து கேப்டனே கைதட்டி, "பியூட்டிஃபுல், நாச்சிமுத்து!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மிதந்துகொண்டே நடந்து போய், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்லில் காசு ஒன்றை அடையாளம் வைத்துவிட்டுப் பந்தைக் கையில் எடுத்துத் திருப்பினால், அடியில் பச்சை மையில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி கேப்டனுடையது. கிளப்பில் தெரியாதவர் கிடையாது. ஆளுக்கு ஒரு அடையாளம் பந்தில் வைத்துக்கொண்டுதான் ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள், ஒருத்தர் கோடு போடுவார், ஒருத்தர் பேரின் முதலெழுத்தை எழுதுவார், வெங்கடபதி பச்சைப் புள்ளி. காலையில் முதல் மேட்டில் நின்றபோது கிட்டான் தன் சட்டைப் பையிலிருந்து கேப்டனுடைய பச்சைப் பேனாவை எடுத்து நீட்டினானே, "ஏனுங், உங்க பந்துல ரெண்டு புள்ளியா வெச்சுக்கோங், ரெண்டும் ஒரே நம்பருங்" என்று படித்துப் படித்துச் சொன்னானே, கேட்டாரா இவர்? "எம் பந்து எனக்குத் தெரியாதா, போப்பா" என்றார். எதற்கு அந்தப் பெருமை? கேப்டன் பக்கத்தில் நிற்கும்போது கேடியிடம் பாடம் கேட்டுக்கொள்வதா என்ற ரோசம், வேறென்ன. சரி, வைக்கவில்லை, தப்பான பந்தை அடித்தாயிற்று, அதற்கும் விதி இருக்கிறது, புத்தகத்தை ராத்திரியும் பகலுமாக மனப்பாடம் பண்ணினவர்தானே, ஸ்கோரில் இரண்டு அடி அபராதம், திரும்பிப் போய்ச் சரியான பந்தை அடிக்கணும், கதை முடிந்தது. இரண்டே இரண்டு அடி. அப்போதே கையைத் தூக்கி "சார், உங்க பந்தை நான் அடிச்சுட்டனுங்" என்றிருந்தால் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். வாயைத் திறக்கத்தான் திறந்தார். திறந்த நேரம் பார்த்து, தூரத்தில் கேப்டன் புதரிலிருந்து நிமிர்ந்து கிட்டானிடம் ஏதோ சொன்னார். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் தெளிவாகவே கேட்டது. "மூணாவது, கிட்டா." அதட்டலில்லை, சத்தமில்லை, மணி என்ன என்று சொல்கிற மாதிரி. நாச்சிமுத்துவின் கை அதுபாட்டுக்குப் பந்தைப் பாக்கெட்டில் போட்டது. இன்னொரு கை வண்டியிலிருந்த பையைத் துழாவி அதே நம்பர் வேறு பந்தை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்தது. இரண்டு கையும் அவருடையதுதான், ஆனால் யாரைக் கேட்டுச் செய்தன?

மூணாவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். கேடிகள் உட்கார்ந்திருக்கிற தகரக் கொட்டகையில் ஜனவரி மாதம் கேப்டனே கையெழுத்துப் போட்டு ஒட்டின காகிதம். வருஷத்தில் மூன்று பந்து தொலைத்த கேடி கழுத்தில் மாட்டுகிற தன் வேலை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேடிகள் பந்தை ஒளித்துவைத்துப் பின்னால் விற்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டது. கிட்டானுக்கு ஏற்கெனவே இரண்டு. ஒன்று குட்டையில் விழுந்து சேற்றில் போனது. இன்னொன்றைக் காக்காய் தூக்கிக்கொண்டு போயிற்று என்று அவன் சொன்னதற்கு வராந்தாவில் அன்றைக்கு எப்படிச் சிரித்தார்கள், நாச்சிமுத்துவும் சேர்ந்துதான் சிரித்தார், புதுசாக வந்தவர் தனியாக உர்ரென்று உட்கார முடியுமா. இருபத்திரண்டு வருஷ அட்டை அது. மூலைகள் மழுங்கி, போட்டோவில் மீசை கறுப்பாக இருக்கிற அட்டை. அது போய்விட்டால் ஐம்பது வயதுக்கு மேலே எந்த மில்லில் வேலை கொடுப்பார்கள்? இருக்கிற ஒரு மில்லையும் மூடிக்கொண்டிருக்கிறார்கள். கொடுக்க மாட்டார்கள், நாச்சிமுத்துவுக்குத் தெரியும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்கிறது மனசு. சனிக்கிழமை, சனிக்கிழமை என்கிறது மண்டை. சனிக்கிழமை பேர் போர்டில் ஏறுகிற நாள். ஐந்து மாதம் தற்காலிக மெம்பர். அதற்குப் பிறகு பேரை எழுதி ஒட்டுவார்கள், பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி இருக்கும், பிடிக்காதவர் யாரானாலும் பேர் போடாமல் ஒரு சீட்டு உள்ளே தள்ளலாம், இரண்டு சீட்டு விழுந்தால் போதும், ஆள் அவுட். ஏன் எதற்கு என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் கூடாது. இன்றைக்கு கேப்டன் இவரைக் கூட்டிக்கொண்டு ஒன்பது குழி ஆடுவதே, ஆள் எப்படி என்று பார்க்கத்தான். அடிக்கத் தெரிகிறதா என்றா பார்க்கிறார்? மட்டையை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கட்டும், பந்தை ஒளிக்கிறவனா இல்லையா, அதைத்தான் பார்க்கிறார். ஒளித்துவிட்டாரே!

எட்டாவதில் இவர் அடித்த பந்து பாதி தூரம் உருண்டு நின்றது. கேப்டன் நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் நாச்சிமுத்துவுக்கு மில் கேட் ஞாபகம் வந்தது. எப்போதும் வருகிறதுதான், இந்தப் பச்சைப் புல்லில் கால்வைத்தாலே வரும். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், சொந்தமாக இரும்பு வார்க்கிற பவுண்டரி ஆரம்பித்த புதிது, இதே வெங்கடபதியின் மில்லுக்கு இரும்பு வார்ப்பு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, ஷிப்ட் முடியட்டும் என்று கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தான். நாலு மணி நேரம். கம்பி வழியாகப் பார்த்தால், உள்ளே புல்தரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஒரு குச்சியைச் சுழற்றிச் சுழற்றிக் காற்றை அடித்துக்கொண்டிருந்தார். பைத்தியமா இந்த மனுஷன் என்று அன்றைக்கு நினைத்தவர், பிறகு எத்தனையோ நாள் பவுண்டரிக் கொட்டகைக்குப் பின்னால் யாரும் இல்லாதபோது ஒரு கம்பியை எடுத்து அதே மாதிரி சுழற்றிப் பார்த்திருக்கிறார். இதை மயிலாத்தாளிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கட்டினவன் ஐம்பத்தேழு வயதில் கோலி விளையாடப் போகிறான் என்பதுதான். "குழியில தள்ளறதுக்குக் கோட்டும் சூட்டுமா? எங்க அண்ணன் மகன் டவுசர் போட்டுட்டே தள்ளுவான்" என்று சிரிப்பாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். காலர் இல்லாத சட்டையோடு வந்து முதல் நாள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது அவளா? வராந்தாவில் காலியாக இருந்த பிரம்பு நாற்காலியில் உட்காரப்போய், அது இருபது வருஷமாக இன்னொருவர் உட்காருகிற இடம் என்று தெரியாமல், சுற்றியிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு காபியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷம் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தது அவளா? ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் வைக்காமல், சத்தமாகத் தும்மாமல், ஐந்து மாதம் ஓட்டியாயிற்று. கடைசியில் ஒரு புள்ளியில் வந்து வழுக்கிவிட்டதே. அதுவும் யார்? நாச்சிமுத்து பவுண்டரி நாச்சிமுத்து! பம்ப்செட்டுக்கு வார்க்கிற ஒவ்வொரு துண்டிலும் எந்த நாள், எந்த உலை, எந்த ஆள் என்று நம்பர் குத்தாமல் வெளியே விடாதவர். நாலு வருஷத்துக்கு முன்னால் சுந்தான் என்கிற, மணலில் அச்சுப் பிடிக்கிற மோல்டர், விரிசல் விட்ட வார்ப்பில் தன் நம்பரை அரத்தால் ராவி அழித்துவிட்டு அடுத்தவன் குவியலில் தள்ளிவிட்டான் என்று தெரிந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் நிற்கவைத்து, "தப்பு பண்ணுனதுக்கில்லடா, நம்பரை அழிச்சே பாரு, அதுக்குத்தான் உன்னை அனுப்பறேன்" என்றார். எவ்வளவு நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னார். சுந்தான் கையிலிருந்த கரியைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்தக் கை இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது?

ஒரு யோசனை வந்தது. பந்தைக் கிட்டானிடமே கொடுத்துவிட்டால்? கேப்டன் வலப்பக்கம் மரத்தடிக்குப் போகும்போது கிட்டானின் கையில் அழுத்திவிட்டு, நீ கண்டுபிடிச்சதா சொல்லிடு என்றால்? ஏழாவதில் தொலைந்ததை எட்டாவதில் எப்படிக் கண்டுபிடிப்பான், பந்தென்ன வேலி தாண்டி நடந்து வந்ததா? பைக்குள்ளேயே கிடந்தது என்று சொல்லலாம். அடித்த பந்து பைக்குள் எப்படிக் கிடக்கும்? சரி, ஒன்பதாவது முடிந்தபின் மறுபடி ஒருமுறை போய்த் தேடினேன் என்று தானே கொண்டுவந்து கொடுத்தால்? ஆமாம், இது சரி, இது நல்ல யோசனை, ஆனால் அதற்குள் கேப்டன் அட்டையை வாங்கிவிட்டால்? வாங்க மாட்டார். இருபத்திரண்டு வருஷ ஆளை இத்தனை சின்ன விஷயத்துக்கா அனுப்புவார்? அனுப்புவார். நாச்சிமுத்து அனுப்பவில்லையா? இன்னொரு சந்தேகம் குறுக்கே வந்து விழுந்தது, வியர்த்துவிட்டது மனுஷனுக்கு. தான் அடித்தது கேப்டன் பந்து என்றால் தன் பந்து எங்கே? அங்கேதானே, அந்த வேலிக்காத்தானுக்கடியில் கிடக்கும். அதை யாராவது எடுத்துவிட்டால்? எடுக்கட்டுமே, புள்ளியில்லாத பந்தில் யார் பேர் எழுதியிருக்கிறது. புள்ளி வைக்காததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்துவிட்டு, சீ என்று தன்னையே திட்டிக்கொண்டார். கிட்டான் பக்கத்தில் வந்தான். தோளில் கேப்டனின் கனத்த பை, ஒரு கை கால்சட்டைப் பாக்கெட்டில், முகத்தில் ஒன்றுமே இல்லை. "ஏப்பா கிட்டா," என்றார் நாச்சிமுத்து. "சொல்லுங்." கேப்டன் முப்பதடி முன்னால். இப்போது, இதோ, இப்போது. "இங்கிருந்து கொடிக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றார். கிட்டான் அவரை ஒரு பார்வை பார்த்தான், கொஞ்சம் அதிகமாகவே பார்த்தான். "நூத்திப் பத்து கஜம் இருக்குங். காத்து எதுக்க அடிக்குதுங், பெரிய மட்டையா எடுத்துக்கோங்," என்றான். பெரிய மட்டையாக எடுத்துக்கொண்டு அடித்தார். சரியாகப் போய் விழுந்தது. நாசமாய்ப் போக, இன்றைக்கென்று பார்த்து எல்லாம் சரியாக விழுகிறது.

ஒன்பதாவதில் என்ன ஆடினார் என்று அவருக்கே தெரியாது. வெயில் ஏறிவிட்டது, பிடரியில் சுட்டது, கையுறைக்குள் விரல்கள் ஊறிப்போயிருந்தன. கிளப் கட்டடத்தின் ஓடு தெரிந்தது, சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது, இந்த நேரத்திலும் பசித்தது. பசிக்கிறதே என்று கேவலமாக இருந்தது. ஐம்பதடி, நாற்பதடி, கொடிக்குப் போவதற்குள் சொல்ல வேண்டும், சரி கொடியைப் பிடுங்கியபின், சரி கேப்டன் தள்ளி முடித்தபின். கேப்டன் தள்ளி முடித்தார். குழிக்குள் பந்து டொக்கென்று விழுந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு இவரிடம் கை நீட்டினார். "நல்லா ஆடுனீங்க. அந்த ஏழாவது ஷாட் இருக்கு பாருங்க, நானே அடிச்சதில்ல. அதை வராந்தாவில எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்." நாச்சிமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்த ஏழாவதுல," என்றார். வந்துவிட்டது! தொண்டைவரை வந்துவிட்டது! "அதுதான் சொல்றேனே," என்று கேப்டன் தோளில் தட்டினார், "சனிக்கிழமை கவலையே வேண்டாம். பெட்டியில ஒரு சீட்டு விழாது. நான் பாத்துக்கறேன். இனி நீங்க நம்மாளு." பிறகு திரும்பி, அதே குரலில், "கிட்டா, அட்டை" என்றார். கிட்டான் பையை மெதுவாக இறக்கி, நிமிர்த்தி, சாய்ந்துவிடாமல் ஒரு நிமிஷம் பிடித்து வைத்துவிட்டு, கழுத்திலிருந்த அட்டைக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினான். தொப்பி தட்டியது, தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி கழற்றினான். "ரூல் போட்டவனே மீறினா நாளைக்கு யாரும் மதிக்க மாட்டாங்க, கிட்டா. உம் மேல எனக்கு வருத்தமில்ல," என்றார் கேப்டன். உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். "தெரியுங் சார்," என்றான் கிட்டான். சட்டைப் பையிலிருந்த பச்சைப் பேனாவையும் எடுத்து அட்டையோடு சேர்த்துக் கொடுத்தான். நாச்சிமுத்துவின் வலது கை பாக்கெட்டுக்குள் போய்ப் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் போதும். பேசக்கூட வேண்டாம், எடுத்துக் காட்டினால் போதும். கை வெளியே வரவில்லை. அவர் இழுத்தார், மெய்யாகவே இழுத்தார், வரவில்லை.

கேப்டன் உள்ளே போய்விட்டார். வண்டியைக் காரில் ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு நாச்சிமுத்து கார் நிற்கிற புங்கமரத்தடிக்கு வந்தார். கிட்டானின் பழைய மொபெட்டும் அங்கேதான் நின்றது, அவன் சீட்டிலிருந்த புங்கம்பூவைத் தட்டிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் நேராக வந்தான். பாக்கெட்டிலிருந்த கையை வெளியே எடுத்து நீட்டினான். உள்ளங்கையில் ஒரு பந்து. மூணாம் நம்பர். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெள்ளை. "உங்க பந்துங்," என்றான். "ஏழாவதுல முள்ளுக்கடியில கெடந்துதுங். அப்பவே எடுத்துட்டனுங்." நாச்சிமுத்துவுக்குக் காதுக்குள் உலை ஊதுகிற சத்தம் கேட்டது. அப்பவே. என்றால் அப்பவே தெரியும். எட்டாவதில் தூரம் கேட்டபோது தெரியும். பெரிய மட்டையாக எடுத்துக்கோங் என்றபோது தெரியும். "நீ... ஏம்ப்பா நீ கேப்டன்கிட்ட..." என்றார். கிட்டான் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும், ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் காலில்கூட விழுந்திருப்பார். அவன் பந்தை இவர் கையில் வைத்தான். "நாஞ் சொன்னா எடுபடுங்களா? காக்கா கதைக்கே அந்தச் சிரிப்பு சிரிச்சாங்க. புது மெம்பர் மேல பழி போடறான்னு வேற ஆகும். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங். எட்டாவதுல கூப்புட்டீங்க பாருங், அப்பச் சொல்லிருவீங்கன்னுதான் நெனச்சனுங்," என்றான். சொல்லிவிட்டு மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து தள்ளி, நாலு மிதி மிதித்தான், ஐந்தாவதில் பிடித்தது.

அந்தப் பந்தை இடது பாக்கெட்டில் போட்டார், இப்போது பாக்கெட்டுக்கு ஒன்றாக இரண்டு பந்து. நாச்சிமுத்து நின்றுகொண்டே இருந்தார். ஓடிப்போய் வராந்தாவில் எல்லோர் முன்னாலும் இரண்டையும் மேஜையில் வைத்தால் என்ன? வைக்கலாம். இப்போதும் நேரம் இருக்கிறது. இந்த நிமிஷம் இருக்கிறது. மொபெட் கேட் வரைக்கும் போயாகவில்லை. "கிட்டா!" என்று கத்தினார். சத்தம் அவருக்கே பயமாக இருந்தது, இந்த கிளப்பில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. வண்டி நின்றது. கிட்டான் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். அணைத்துவிட்டு, ஏழாவதிலிருந்து காத்திருந்த மாதிரியே காத்திருந்தான். வராந்தாவில் யாரோ, ஏழாவதா, இவரா, நம்பவே முடியலையே என்று சொல்வதும் நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டது. நல்ல சிரிப்புதான். நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

"புதன்கிழமை ஆட்டத்துக்கு வருவியாப்பா?" என்றார்.

"அட்டை இல்லீங்களே," என்றான் கிட்டான்.

 பிறகு எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போனான். "நாச்சிமுத்து, வாங்க, இட்லி ஆறுது," என்று கேப்டன் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "வந்துட்டனுங்," என்றார் நாச்சிமுத்து.